விடிமாகறலில் நின்ற சிறுவன்

(மாகறலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



புலவர்களின் பெயராலும், தேசத் தலைவர்களின் பெயராலும், செல்வந்தர்களின் பெயராலும் அறக்கட்டளைகள் நிறுவப்படுவது நம் நாட்டில் வழக்கம். ஆனால் ஒரு சாதாரண உடற்பயிற்சி ஆசிரியரின் நினைவாக, அவரிடம் ஓடவும் தாண்டவும் கற்றுக்கொண்ட மாணவர்கள், தம் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்து, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடைபெற வேண்டுமென ஏற்பாடு செய்திருப்பது மிகவும் அபூர்வமான காரியம். விளையாட்டைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று எனக்குச் சுதந்திரம் அளித்தார்கள். பல நாள் யோசித்துப் பார்த்தும், என் மனம் ஒரே இடத்திற்குத்தான் திரும்பத் திரும்பச் சென்றது. சொந்த மண்ணில் கலகம் மூண்டு எரிந்துகொண்டிருக்க, அயல் மண்ணில் நின்று, நாளைக்கும் பயிற்சிக்குப் போக வேண்டுமே என்று காலையில் கண் விழிக்கும் இளம் விளையாட்டு வீரனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இந்த விஷயத்தை மாகறலில் பேசுவதற்கு ஒரு விசேஷப் பொருத்தம் உண்டு. செய்யாற்றங்கரையில் கோயில் கொண்டுள்ள திருமாகறலீசுவரரைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார் என்பது இவ்வூர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்கோயிலின் தலவரலாற்றில், சோழ மன்னன் ஒருவனும் பலாமரம் ஒன்றும் வருகிற கதையை நீங்கள் எல்லோரும் உங்கள் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பீர்கள். நாள்தோறும் ஒரு பழம் பழுக்கும் அதிசயப் பலாமரம் இங்கே இருந்ததாம். அப்பழத்தை இவ்வூர் இறைவனுக்குப் படைத்து, பின்னர் சிதம்பரத்துக் கூத்தப்பெருமானுக்குக் கொண்டுசென்று நிவேதனம் செய்து, அதன் பின்னர் அரசனிடம் பிரசாதமாகச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது கட்டளையாம். ஊரார் முறை வைத்து, வெயிலென்றும் மழையென்றும் பாராமல், அக்கனியைத் தலையில் சுமந்துகொண்டு அவ்வளவு தொலைவும் நடந்தார்களாம். தன் வீட்டு முறை வந்த ஒரு நாளில், ஊராரின் இந்தத் தீராத் துன்பத்திற்கெல்லாம் மூலகாரணம் இம்மரமே என்று கருதிய ஒரு சிறுவன், அதைக் கொளுத்திவிட்டான் என்பர். வெகுண்ட அரசன் அவனை நாடு கடத்துமாறு ஆணையிட்டான். இரவெல்லாம் அவனை நடத்திச் சென்றபோது, பொழுது விடிந்த இடத்துக்கு விடிமாகறல் என்று பெயர் வந்தது என்று சொல்கிறார்கள்.

அதன் பின்னர் கதை அரசனோடு திரும்பி வந்துவிடுகிறது. அவன் வழியில் பொன்னிறமான உடும்பு ஒன்றைக் காண்கிறான், அது புற்றுக்குள் மறைகிறது, இறைவன் வெளிப்படுகிறார், கோயில் எழுகிறது. சிறுவனோ விடிந்த இடத்திலேயே நிற்கிறான். சிறு வயதில் இக்கதையை முதன்முதலாகக் கேட்டபோது, உடும்பைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. அந்தப் பையன் அன்று காலையில் என்ன சாப்பிட்டான் என்றுதான் கேட்டேன். பாட்டியார் சிரித்துவிட்டார். அக்கேள்வியை இன்றுவரை நான் விட்டுவிடவில்லை.

விவசாயிகள் நிறைந்த சபை இது. ஆகையால் வயலிலிருந்தே ஓர் உபமானம் எடுத்துக்கொள்கிறேன். நாற்றங்காலில் வளர்ந்த நாற்றைப் பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்குவதனால் நாற்று செத்துவிடுவதில்லை. ஆனால் பிடுங்கி முடிச்சாகக் கட்டிய நாற்று வரப்பின்மேல் எத்தனை நாள் கிடக்கலாம்? நடவு வயலில் சேறு கலக்கி நீர் நிறுத்தி யாரேனும் காத்திருந்தால், வேர் அறுந்த வேதனையை அது சில நாளில் மறந்து பச்சை பிடிக்கும். காத்திருப்பார் இல்லையென்றால் வெயிலில் கருகும். காலம் கடந்து நட்டாலோ, முற்றிய நாற்று தூர் கட்டாது. உயிரோடு நிற்கும், ஆனால் கதிர் வாங்காது. விளையாட்டு வீரனின் வாழ்வும் இத்தகையதே. கவிஞன் நாடிழந்தால் நாற்பது வயதிலும் எழுதலாம். வணிகன் மறுபடியும் கடை வைக்கலாம். ஆனால் ஓடுகிறவனுக்கும் தாண்டுகிறவனுக்கும் இயற்கை அளித்திருக்கும் பருவம் ஏழெட்டு வருஷத்திற்கு மேல் இல்லை. கலகம் இரண்டு வருஷம் நீடித்தால் அந்த அவகாசத்தில் கால்பங்கு போயிற்று. வீட்டை எரித்தவன் பணம் கொடுத்தால் வீடு கட்டலாம். அந்தக் கால்பங்கை எவன் கொடுப்பான்?

யாழ்ப்பாணத்தில் 1934 ஆம் ஆண்டு பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்ற தமிழரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் கல்வி பயின்ற இவர், பதினெட்டு வயது நிரம்புவதற்கு முன்னரே, 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் இலங்கையின் சார்பாக உயரம் தாண்டினார். உயரம் தாண்டுதல் என்று நாம் சொல்வதை யாழ்ப்பாணத்தார் உயரம் பாய்தல் என்று சொல்லுவார்கள். எனக்கு அவர்களுடைய சொல்லே பிடித்திருக்கிறது, ஏனெனில் தாண்டுதல் என்பதில் கழிதான் தெரிகிறது, பாய்தல் என்பதிலோ மனிதன் தெரிகிறான். அக்காலத்தில் இப்போதுள்ளதுபோல் இடுப்பளவு உயரமான மெத்தை கிடையாது. கழியைக் கடந்தவன் மணற்குழியில் விழ வேண்டும். ஆகவே முதுகு கீழாக விழும் இன்றைய முறையை எவரும் கனவிலும் நினைத்திருக்க இயலாது. 1968 ஆம் ஆண்டு மெக்சிகோவில் பாஸ்பரி என்ற அமெரிக்கர் அம்முறையில் வெற்றி பெற்ற பின்புதான் அது உலகில் பரவியது. மணலை நம்பி ஆறடிக்கு மேல் எழும்புகிறவனுக்கு, எழும்பும் இடத்துத் தரை கெட்டியாகவும் விழும் இடத்து மணல் இளகியும் இருக்க வேண்டும் என்பதை இவ்விடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணாக்கரானார். 1956 ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் இலங்கைக்காகப் பங்குபற்றினார். அந்த 1956 ஆம் ஆண்டுதான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் இலங்கையில் நிறைவேறிய ஆண்டு என்பதையும், அச்சட்டத்தை எதிர்த்துக் கொழும்புக் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் தாக்கப்பட்டதையும் நாம் மறந்துவிடலாகாது. தம் தாய்மொழிக்கு இடமில்லை என்று சட்டம் செய்த நாட்டின் பெயரை மார்பில் தாங்கிக்கொண்டு, உலகத்தின் முன்னே ஒரு தமிழ் இளைஞர் ஓடிவந்து எழும்பினார்.

அதே மெல்போர்ன் நகரத்தில், ஹங்கேரி தேசத்து நீர்ப்பந்தாட்டக் குழுவினர் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். அக்டோபர் மாதம் புடாபெஸ்ட் நகரில் மக்கள் கிளர்ந்தெழுந்ததும், நவம்பர் 4 ஆம் தேதி சோவியத் டாங்கிகள் அக்கிளர்ச்சியை நசுக்கியதும் வரலாறு. ஊர் எரியத் தொடங்கியபோது புறப்பட்ட ஆட்டக்காரர்கள், அது அடங்கிய விதத்தை ஆஸ்திரேலியாவில் கால் வைத்த பிறகே முழுமையாக அறிந்தார்கள். டிசம்பர் 6 ஆம் தேதி அவர்கள் சோவியத் குழுவையே எதிர்த்து ஆட நேர்ந்தது. ஹங்கேரி நான்கு கோல்கள் முன்னணியில் இருந்தபோது, எர்வின் சாடோர் என்ற வீரரின் கண்ணருகே எதிராளியின் அடி விழுந்து இரத்தம் பெருகியது. பார்வையாளர்கள் கொதித்தெழுந்தமையால் ஆட்டம் முடியுமுன்பே நிறுத்தப்பட்டது. காயத்தினால் இறுதி ஆட்டத்தில் சாடோர் ஆட முடியவில்லை. ஹங்கேரிக்குத் தங்கம் கிடைத்தது. அவர் தாயகம் திரும்பவில்லை. அவரைப்போலவே நாற்பதுக்கும் மேற்பட்ட ஹங்கேரியர்கள் திரும்பவில்லை. கலிபோர்னியாவுக்குச் சென்ற சாடோர் நீச்சல் ஆசிரியரானார். பின்னாளில் மியூனிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ், சிறுவனாக இருந்தபோது அவரிடம் கற்றவர்களுள் ஒருவர். ஆனால் சாடோர் அதன்பின் எந்த ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. உலகத்தின் தலைசிறந்த குழுவில் இருந்த வீரருக்கு அந்தக் காயம்பட்ட ஆட்டமே கடைசி ஒலிம்பிக் ஆட்டமாயிற்று. அவருக்கு உணவு கிடைத்தது, உத்தியோகம் கிடைத்தது, சுதந்திரமும் கிடைத்தது. அவருடைய பருவத்துக்குத் தகுந்த வயல் மட்டும் கிடைக்கவில்லை. இதை அற்ப நஷ்டம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

மறுபடியும் எதிர்வீரசிங்கத்திடம் வருவோம். 1958 ஆம் ஆண்டு மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் பந்தயம் நடைபெற்றது. அந்தத் தேதிகளை நினைவில் வைத்துக்கொண்டு இலங்கையைப் பாருங்கள். பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஏப்ரல் மாதத்தில் கிழித்தெறியப்பட்டது. மே 22 ஆம் தேதி பொலன்னறுவையில் இரயில் வண்டியில் தமிழர்களைத் தேடித் தாக்கத் தொடங்கிய வெறி, இரண்டு மூன்று நாட்களில் பண்ணைக் கூலிகளின் குடிசைகளுக்கும், கொழும்பின் தெருக்களுக்கும், கோயில்களுக்கும் பரவியது. மே 27 ஆம் தேதி அவசரநிலைப் பிரகடனம் செய்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கையும் வந்தது. கொழும்பில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் முகாம்களில் அடைக்கலம் புகுந்து, பின்னர் கப்பல்களில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்டார்கள். தம் சொந்த நாட்டின் ஒரு துறைமுகத்திலிருந்து மற்றொரு துறைமுகத்துக்கு அகதிகளாகச் சென்றார்கள். நடந்ததை முழுமையாக எழுதிய சிங்களப் பத்திரிகையாசிரியர் டார்சி விட்டாச்சியின் புத்தகம் இலண்டனிலிருந்துதான் வெளிவர முடிந்தது.

அதே வாரத்தில், அதே நாட்டின் பெயரால், டோக்கியோ மைதானத்தில் எதிர்வீரசிங்கம் 2.03 மீட்டர் உயரத்தைப் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். நம் பழைய ஓட்டு வீட்டு நிலையைக் காட்டிலும் அது உயரம்; அந்நிலையின் மேற்சட்டத்தைத் தொடாமல் அதற்கு மேலாக ஒரு மனிதன் பறந்து மறுபக்கம் மணலில் விழுவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே. வெற்றி பெற்றவரின் தேசக் கொடி உயர ஏறியது. அந்தக் கொடியில் வாளேந்திய சிங்கம் ஒரு சட்டத்துக்குள் நிற்கும். தமிழர்க்கென ஒரு காவிப் பட்டையும், முஸ்லிம்களுக்கென ஒரு பச்சைப் பட்டையும் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே ஓரமாக இருக்கும். அந்தக் காவிப் பட்டைக்கு உரிய ஜனங்கள் தீவெங்கும் உயிருக்கு ஓடிக்கொண்டிருந்த வாரத்தில், அப்பட்டைக்கு உரிய ஓர் இளைஞர் அந்தக் கொடி முழுவதையும் அந்நிய ஆகாயத்தில் உயர்த்தினார். இதைவிடப் பெரிய ஈகையை ஒரு தேசத்துக்கு ஓர் இளைஞன் எப்படிச் செய்ய முடியும் என்று நான் பல முறை எண்ணி உருகியிருக்கிறேன்.

இதே டோக்கியோ மைதானத்தில் 200 மீட்டர், 400 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றவர் நம் மில்கா சிங். 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையில் பெற்றோரைக் கொலைக்குக் கொடுத்து, இப்போது பாகிஸ்தானில் உள்ள தம் கிராமத்தை விட்டோடி, டில்லியில் அகதிகளோடு அகதியாகத் தங்கியிருந்த சிறுவர் அவர். அவரைக் காப்பாற்றியது எது? இராணுவத்தில் சேர்ந்த பின்னர் அவருக்கு ஓடச் சந்தர்ப்பம் கிடைத்தது. தினமும் ஒரு தடம், ஒரு பயிற்சியாளர், இரண்டு வேளைச் சாப்பாடு. அது சரியான பருவத்தில் கிடைத்தது. பிடுங்கிய நாற்றுக்கு வயல் காத்திருந்தது.

எதிர்வீரசிங்கம் நாடு கடத்தப்பட்டவர் அல்லர், படிக்கச் சென்றவர்தானே என்று இச்சபையில் ஒருவர் கேட்கலாம். கேட்பது நியாயம். கப்பலேறும்போது அவர் மாணவர். ஆனால் பரதேச வாசம் என்பது புறப்படும் நாளில் தீர்மானமாவதில்லை. திரும்பும் வழியில் தீ வைக்கப்படும் நாளில், நேற்றுவரை விருந்தாளியாக இருந்தவன் இன்று அகதியாகிவிடுகிறான், இருந்த இடத்திலிருந்து ஓரடிகூட நகராமலே. எதிர்வீரசிங்கம் 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலும் இலங்கைக்காகப் பாய்ந்து வெள்ளி வென்றார். கல்வித்துறையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று ஆப்பிரிக்க நாடுகளில் பணிபுரிந்தார். முதிர்ந்த வயதில் போரால் சிதைந்த வடகிழக்குப் பகுதியின் கல்விக்காக உழைக்கத் திரும்பி வந்தார். 2024 ஆம் ஆண்டு காலமானார். தமக்குத் தரை கொடுக்காத நாட்டின்மேல் துவேஷம் பாராட்டாமல், அந்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தரை உண்டாக்க முயன்ற அவருடைய விருத்தாந்தத்தை நம் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் ஒரு பாடமாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வேண்டுகோள்.

இனி, நம் காலத்துக்கு, நம் தேசத்துக்கு வருகிறேன். 2023 ஆம் ஆண்டு மே 3 ஆம் தேதி கோழிக்கோட்டில் ஐதராபாத் கால்பந்துக் கழகத்துக்கும் மோகன் பகான் அணிக்கும் இடையே ஓர் ஆட்டம் நடந்தது. ஐதராபாத்தின் தற்காப்பு வீரர் சிங்லென்சனா சிங், மணிப்பூரின் சுராசாந்த்பூரைச் சேர்ந்தவர். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்து கைப்பேசியை எடுத்தபோது, வீட்டிலிருந்து வந்த அழைப்புகளும் செய்திகளும் அதில் குவிந்திருந்தன. அன்று மாலையில்தான் மணிப்பூர் இனக்கலவரத்தில் பற்றி எரியத் தொடங்கியிருந்தது. அவருடைய வீடு எரிந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஆட வேண்டுமென்று அவர் தம் உழைப்பின் ஊதியத்தில் அமைத்திருந்த கால்பந்துத் திடலும் எரிந்தது. குடும்பத்தார் முகாமுக்குச் சென்றார்கள். தொண்ணூறு நிமிஷ நேரம் பந்தின்மேல் கண் வைத்திருந்தவருக்கு, அந்நேரத்துக்குள் ஊர் என்ற ஒன்றே இல்லாமற் போயிற்று. சமவெளி மெய்தேய் மக்களிலும், மலைக் குக்கி மக்களிலும் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் வீடிழந்தார்கள். மேரி கோமையும் மீராபாய் சானுவையும் தந்த சிறு மாநிலம் அது. அங்கே விளையாட்டுத்தான் ஏழை வீட்டுப் பிள்ளை உலகத்தைப் பார்க்கும் சாளரம். முகாம்களில் தூங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேருடைய பருவம் வரப்பின்மேல் கருகியது!

இச்சந்தர்ப்பத்தில் தமிழ்நாடு செய்த ஒரு காரியத்தை மனநிறைவோடு கூறுகிறேன். 2023 ஜூலையில், மணிப்பூர் விளையாட்டு வீரர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து பயிற்சி பெறலாம், வேண்டிய வசதிகள் செய்து தரப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அடுத்த மாதமே வாள்வீச்சு பயிலும் இளைஞர்களும் பெண்களும் தம் பயிற்சியாளர்களோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். வடசென்னை வண்ணாரப்பேட்டையில் பிறந்து, ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியராக விளங்கிய பவானி தேவியின் ஊருக்கு, வாளைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுவது எளிது; கண்ணீர்க் கவிதை அதனினும் எளிது. அவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. ஒரு கூடம், ஒரு படுக்கை, பழகிய பயிற்சியாளர், மறுநாள் காலை ஆறு மணிக்கு விசில் சத்தம், இவைதாம் தேவைப்பட்டன. அடைக்கலம் என்ற சொல்லுக்கு அந்த விசில் சத்தத்தைவிடச் சிறந்த வியாக்கியானம் எனக்குத் தெரியவில்லை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. வந்தவர்கள் பருவத்தை இழக்காமல் களத்துக்குப் போகும் வழியொன்று திறந்தது.

சிரியாவின் யுஸ்ரா மர்தினியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஆம் ஆண்டு, பதினேழு வயதில், துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுக்குச் சென்ற ரப்பர்ப் படகின் எந்திரம் நடுக்கடலில் நின்றபோது, தமக்கையோடு நீரில் குதித்து அப்படகைக் கரை நோக்கிச் செலுத்த உதவிய பெண் அவர். எல்லோரும் கடலில் நடந்ததையே பேசுகிறார்கள். எனக்கோ அதற்குப் பின்னர் பெர்லினில் நடந்ததுதான் பெரிதாகத் தோன்றுகிறது. அங்கே ஒரு நீச்சல் கழகம் அவருக்குக் குளத்தைத் திறந்துவிட்டது. ஒரு பயிற்சியாளர் அதிகாலையில் கடிகாரத்தோடு கரையில் வந்து நின்றார். அடுத்த ஆண்டே, முதன்முறையாக அமைந்த அகதிகள் ஒலிம்பிக் குழுவின் பத்துப் பேருள் ஒருவராக அவர் ரியோவில் நீந்தினார். அக்குழு 2024 பாரிஸில் முப்பத்தேழு பேராக வளர்ந்திருந்தது என்பதைச் சந்தோஷச் செய்தி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இறுதியாக, என் சொந்த வாழ்க்கையில் கண்ட ஒன்று. இலங்கையில் மூண்ட 1983 ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பின் நம் மாநிலத்தின் பல ஊர்களில் அகதி முகாம்கள் ஏற்பட்டன. மறுவாழ்வு முகாம் என்ற பெயர் 2021 ஆம் ஆண்டுதான் அவற்றுக்கு வந்தது. அப்படியொரு முகாமுக்கு அருகில் இருந்த பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். பதினாறு வயதுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். ஒல்லியான தேகம், நீண்ட கால்கள், பேச்சு குறைவு. ஒருநாள் மாலை உடற்பயிற்சி ஆசிரியர் உயரம் தாண்டக் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தபோது அருகே வந்து, "சேர், நானும் ஒருக்கா பாய்ஞ்சு பார்க்கட்டோ?" என்று கேட்டான். பாய்ஞ்சு என்ற சொல் எங்களுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. கம்பங்கள் சவுக்கு; குறுக்குக் கழி மூங்கில்; இரண்டு விரற்கடைக்கு ஓர் ஆணி அடித்து உயரம் குறித்திருக்கும். ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கொட்டிய மணல், வெயிலிலும் மிதியிலும் இறுகிக் கிடந்தது. அவன் கழியைப் பார்க்கவில்லை. முதலில் மணலை மிதித்துப் பார்த்தான். ஓரத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். குழி முழுவதையும் கொத்தி இளக்கி, கையால் கட்டிகளை உதிர்த்து, கல்லும் சிப்பியும் பொறுக்கி வெளியே போட்டான். அரைமணி நேரம் ஆயிற்று. பிறகுதான் பின்னால் சென்று, வெறுங்காலோடு ஓடிவந்து பாய்ந்தான். எங்கள் பள்ளியில் அதுவரை எவனும் தொடாத ஆணிக்கு மேலே இரண்டு ஆணிகள் ஏற்ற வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்கு அவன் பெயரை அனுப்பினோம். பிறப்புச் சான்று இல்லை, இந்த நாட்டவன் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அலுவலகம் அலுவலகமாக நடந்தோம். எங்கேயும் கதவை அடைத்து எவரும் அவமதிக்கவில்லை. எல்லோரும் விதியைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டும் அதுவே. முகாமில் கணக்கெடுக்கும் நாளில் அவன் அங்கே இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு வரும் உதவித்தொகையில் கை வைப்பார்கள். ஆகவே வெளியூர்ப் பந்தயம் எதற்கும் அழைத்துச் செல்லவும் இயலவில்லை. போட்டியே இல்லாத பையனுக்கு உடற்பயிற்சி ஆசிரியர் தினமும் மாலையில் கம்பம் நட்டார். ஒருநாள் நான் அவரிடம், எதற்காக இந்தச் சிரமம் என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஆணியை மாற்றினார். அன்றைக்கு நான் கேட்டது எவ்வளவு சிறுமையான கேள்வி என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

1987 ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின்னர் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவன் குடும்பத்தின் பெயரும் பட்டியலில் வந்தது. வண்டி புறப்படும் நாளன்று விடியற்காலையில் நான் பள்ளிக்குப் போயிருந்தேன். மூட்டை கட்டும் வேலையை விட்டுவிட்டு, பயணத்துக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டையோடு அவன் மைதானத்தில் நின்றான். கம்பம் இல்லை, கழி இல்லை, பாயவும் இல்லை. வழக்கம்போல மண்வெட்டியை எடுத்து மணற்குழியைக் கொத்தினான். மூலைவரை கொத்தினான். கட்டிகளை உதிர்த்தான். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, மண்வெட்டியை அவன் கையில் கொடுத்து, "நாளைக்கு நீ கொத்த வேணும், ஈரம் காயிறதுக்கு முதல்" என்று சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே முகாமை நோக்கி நடந்தான்.